‘கை நல்லாத்தான் இருக்கு’ என்பவரும் நான்காயிரம் ரூபாயும்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை செய்கிறேன். பி.பி.டி. என்கிற பிசியோதெரபிப் பட்டம் முடித்து ஆறு வருஷம் ஆகிறது. எங்களிடம் வருபவர்களில் கை கால் விழுந்தவர்கள்தான் அதிகம். இப்போது திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி ஒருவர் வருகிறார், வயது 58. மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு; இடது கையும் காலும் அசையவில்லை. ஆனால் கேட்டால், “கை நல்லாத்தான் இருக்கு, நேத்துகூட மம்புட்டி புடிச்சேன்” என்கிறார். அவர் மனைவி அதை வீம்பு என்கிறார். எக்சர்சைஸுக்குப் பயந்து நடிக்கிறார் என்கிறார் மகன். இதைப் புரிந்துகொள்ள ஒரு நல்ல கல்விநூல் வாங்க நினைக்கிறேன். உளப்பகுப்பாய்வு நூலா, நியூரோசைக்காலஜி பாடநூலா? கையில் நான்காயிரம் ரூபாய்தான் இருக்கிறது. ஃப்ராய்ட் எல்லாம் காலாவதி என்கிறார் என் கணவர். இரண்டில் எது உண்மையான அறிவியல்? இவற்றைப் படித்துவிட்டு நானே நோயாளிகளுக்கு கவுன்சலிங் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூளைக்கும் மனசின் வேலைகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் நியூரோசைக்காலஜி பாடநூலை வாங்குங்கள். மனசில் மறைந்திருப்பதைப் பேச்சின் வழியே தேடும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டைப் படியுங்கள், ஆனால் இந்த நான்காயிரத்தில் வாங்க வேண்டாம். பாதிக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: அந்தத் திருப்பனந்தாள் பெரியவர்.

அவரை நான் பார்த்ததில்லை. நேரில் பார்க்காதவருக்கு நோயின் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது போன்ற நிலையை நரம்பியல் நூறு வருஷத்துக்கு மேலாக அறியும். 1914-இல் பிரெஞ்சு நரம்பியலாளர் ஜோசப் பாபின்ஸ்கி அதற்கு அனோசோக்னோசியா என்று பெயர் வைத்தார். உள்ளங்காலில் கீறிப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் யார் பெயரைச் சொல்கிறீர்களோ, அதே பாபின்ஸ்கிதான். தன் உடம்பில் ஒரு பக்கம் செயலிழந்ததே அந்த நோயாளிக்குத் தெரிவதில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குள் இருக்கும் கணக்குப்படி அந்தக் கை நேற்று மம்புட்டி பிடித்தது.

மனைவி சொல்லும் வீம்பையும் மகன் சொல்லும் நடிப்பையும் ஒரு நிமிஷம் ஒப்புக்கொண்டே யோசிப்போம். வீம்புதான் காரணம் என்றால், வலது கை விழுந்தவர்களுக்கும் அது இதே அளவில் வர வேண்டும். இன்னும் அதிகமாகவே வர வேண்டும்; கையெழுத்துப் போடுவதும் சோறு பிசைவதும் பெரும்பாலோருக்கு வலது கைதானே. ஆனால் மருத்துவர்கள் காண்பது வேறு. வலது மூளை அடிபட்டு இடது பக்கம் விழுந்தவர்களிடம்தான் இந்த மறுப்பு மிகுதி. இடது மூளை அடிபட்டவர்களில் பலருக்குப் பேச்சே போய்விடுவதால் அவர்களிடம் கேட்டுப் பதில் வாங்க முடிவதில்லை, அதனால் எண்ணிக்கையில் அவர்கள் விட்டுப்போகிறார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயமான ஆட்சேபம்தான். அதைக் கழித்துப் பார்த்தாலும் சாய்வு இடது பக்க வாதத்தின் மேல்தான் இருக்கிறது.

இன்னொரு விசித்திரம். இப்படிப்பட்ட நோயாளிகள் சிலருக்கு இடது காதில் குளிர்ந்த நீர் விட்டபோது, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் ‘ஆமாம், கை வரவில்லை’ என்று ஒப்புக்கொண்டார்கள். 1980-களில் இத்தாலிய நரம்பியலாளர்கள் எழுதி வைத்தது இது. அதன் விளைவு தீர்ந்ததும் பழைய மறுப்புக்கே திரும்பினார்கள். வீம்பு காதில் விட்ட தண்ணீருக்குக் கரையாது. (தயவுசெய்து கிளினிக்கில் இதைச் செய்து பார்த்துவிடாதீர்கள்.)

அவர் வீட்டில் இலை போட்டுச் சாப்பிடுவதுண்டா என்று கேளுங்கள். நுனி இடப்பக்கம் வருகிற மாதிரி இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் அந்தப் பக்கத்து மேல்மூலையில் வைப்பது நம் வழக்கம். வலது பக்கத்தில் வைத்ததை மட்டும் தின்றுவிட்டு, நுனிப்பக்கத்தில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, “இன்னிக்கு ஊறுகாயே வெக்கலியா?” என்று கேட்கிறாரா? அப்படியானால் நெக்லெக்ட் என்று பாடநூல்கள் சொல்லும் இடப்பக்கப் புறக்கணிப்பும் சேர்ந்திருக்கலாம். இரண்டும் பல நேரம் கூடவே வரும், ஆனால் ஒன்றல்ல. கண் தெரியாததால் வருவதுமல்ல இது. 1978-இல் எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுட்சாட்டி என்ற இரண்டு இத்தாலியர்கள், இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ள மிலான் நகரத்து நோயாளிகளிடம் ஊரின் பெரிய தேவாலயச் சதுக்கத்தை மனசில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது, வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். தேவாலய வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்டதையெல்லாம் சொல்லி, முன்பு சொன்னதை விட்டார்கள்.

நம் ஊரில் வைத்து யோசித்துப் பாருங்கள். மகாமகக் குளத்தின் வடகரையில், காசி விஸ்வநாதர் கோயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பதாக நினைத்தால் இடப்பக்கம் கீழ்க்கரை. அப்படிப்பட்ட நோயாளிக்கு அது நினைவில் வராது. தென்கரைக்குப் போய் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றால் கீழ்க்கரை முழுசாக வந்துவிடும், மேல்கரை காணாமல் போகும். குளத்தின் நினைவு அழிந்துவிடவில்லை. நினைவுக்குள்ளும் இடது என்று ஒரு பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் மேல் கவனம் போவதில்லை. நூறு கோயில் தேர் பார்த்த மனுஷருக்குக்கூட இது நடக்கலாம்.

இதையெல்லாம் உங்களுக்கு விளக்கப் போவது உளப்பகுப்பாய்வு நூல் அல்ல. அதனால்தான் முதலில் நியூரோசைக்காலஜி என்றேன்.

எந்த நூல்? பிரையன் கோல்ப், இயன் விஷா இருவரும் எழுதிய ‘ஃபண்டமெண்டல்ஸ் ஆஃப் ஹியூமன் நியூரோசைக்காலஜி’. முதல் பதிப்பு 1980. அதற்குப் பிறகு பல பதிப்புகள் வந்துவிட்டன. புதுப் பதிப்பு உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. அதற்கு ஒன்றிரண்டு பதிப்பு முந்தியதைப் பழைய புத்தகமாகத் தேடுங்கள். மூளையின் மேல்பக்கத்தில் பின்னால் இருக்கும் பெரைட்டல் மடலும் கவனமும் பற்றி உங்களுக்கு வேண்டிய அடிப்படை அதில் அப்படியேதான் இருக்கும். முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை வரிசையாகப் படிக்க உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் மூடி வைத்துவிடுவீர்கள். நரம்பு உடற்கூறு நீங்கள் பி.பி.டி.யிலேயே படித்தது, அதைத் தாண்டி நேராகப் பெரைட்டல் மடல் அத்தியாயத்துக்குப் போங்கள். அடுத்து கவனம் பற்றிய பகுதி, அப்புறம் நெற்றிப்பக்கத்து ஃப்ரண்டல் மடல். ஒவ்வொன்றையும் படிக்கும்போது உங்கள் நோயாளி ஒருவரை மனசில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மியூரியல் லெசாக்கின் ‘நியூரோசைக்கலாஜிக்கல் அசெஸ்மென்ட்’ நூலை யாராவது சிபாரிசு செய்வார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல். சோதனை செய்வதே தொழிலாக இருப்பவர்களின் மேஜையில் இருக்க வேண்டிய பெரிய நூல் அது. உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சோவியத் நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவின் ‘தி ஒர்க்கிங் பிரெயின்’ (1973) நூலைப் பற்றி எனக்கே இரண்டு மனசு. சிந்திக்கக் கற்றுக்கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. மூளையை, விழிப்பைத் தாங்குவது, வெளிச் செய்தியை வாங்கிப் பதப்படுத்தி வைப்பது, செயலைத் திட்டமிட்டுச் சரிபார்ப்பது என்று மூன்று பெரிய அலகுகளாக அவர் பிரிப்பதைப் படித்துவிட்டால், ஒரே சட்டையின் பொத்தானை மூன்று நோயாளிகள் மூன்று விதமாகப் போடத் தவறுவது ஏன் என்று பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். ஆனால் ஸ்கேன் புழக்கத்துக்கு வருமுன் எழுதியது. வலது மூளைக்கு அதில் இடமும் குறைவு. உங்கள் பெரியவருக்கு அடிபட்டது வலது மூளையில். அதனால் லூரியா இரண்டாவது. இரவல் கிடைத்தால் உடனே படியுங்கள். அவரே எழுதிய ‘தி மேன் வித் எ ஷாட்டர்ட் வேர்ல்ட்’ சின்ன நூல். 1943-இல் போரில் தலையில் குண்டு பட்ட ஒரு சிப்பாய், எழுதியதைத் தானே திரும்பப் படிக்க முடியாத நிலையிலும் கால் நூற்றாண்டு எழுதிக்கொண்டே இருந்த கதை. நியூரோசைக்காலஜி என்றால் மூளையை வெட்டிப் பெயர் ஒட்டுவது என்று நினைப்பவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

வாங்குமுன் எந்தக் கல்விநூலையும் சோதிக்க எளிய வழி உண்டு. பின்பக்கத்துச் சொல்லடைவில் உங்களுக்கு ஏற்கெனவே ஓரளவு தெரிந்த ஒன்றைத் தேடுங்கள். உங்களுக்கு அது நெக்லெக்ட். அந்த நாலு பக்கத்தைப் படியுங்கள். தன் கருத்துக்கு எதிரான சான்றை ஆசிரியர் அங்கே சொல்கிறாரா, மறைக்கிறாரா? மேற்கோள் காட்டும் ஆய்வுகள் எந்த வருஷத்தோடு நிற்கின்றன? ‘வலது மூளைக்காரர் கலைஞர், இடது மூளைக்காரர் கணக்கர்’ என்கிற தொனி வந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். புரட்டிப் பார்க்கத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உழவன் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஒரு பகல் முழுக்க உட்காரலாம்.

நியூரோசைக்காலஜி வாங்கச் சொன்னேன் என்பதற்காக அதன் சொல்லெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் சோதனைகள் பல, பள்ளிக்கூடம் போனவர்களை மனசில் வைத்துச் செய்யப்பட்டவை. பென்சிலே பிடிக்காத கையில் பென்சிலைக் கொடுத்து எண்களைக் கோடு போட்டு இணைக்கச் சொன்னால், தடுமாற்றம் வாதத்தால் வந்ததா, பழக்கமில்லாததால் வந்ததா? இதை முதலில் உறைக்கச் சொன்னவர்களில் லூரியாவும் ஒருவர். 1931, 32-இல் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குப் போனார். பனி பெய்யும் தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை, இந்த ஊர் அந்த வடக்கில் இருக்கிறது, அங்கே கரடி என்ன நிறம் என்று கேட்டார். பள்ளி போகாத விவசாயிகள், அங்கே போய்ப் பார்த்தவரைக் கேளுங்கள், நான் பார்க்காததை எப்படிச் சொல்வேன் என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். புத்தி மட்டு என்று குறிக்க வேண்டிய பதிலா இது? நம் வயல்காட்டிலும் இதே பதில்தான் வரும். பெங்களூர் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட நியூரோசைக்காலஜி சோதனைத் தொகுதி, படிப்பறிவு அளவை வைத்துத் தனித்தனி அளவுகோல் தருவதற்கு இதுதான் காரணம். வெளிநாட்டுப் பாடநூலில் இருக்கும் மதிப்பெண் அட்டவணையை உங்கள் நோயாளி மேல் அப்படியே வைக்காதீர்கள்.

இனி உங்கள் கணவரின் ‘காலாவதி’.

ஃப்ராய்ட் தொடங்கியது சோபாவில் அல்ல, நரம்பணுவில். மீனின் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தவர். 1891-இல் பேச்சிழப்பு பற்றி ஒரு நூல் எழுதி, மூளையில் இந்தப் புள்ளி இந்த வேலைக்கு என்று கட்டம் போட்டவர்களை அதில் எதிர்த்தார். கண்டும் இன்னதென்று அறிய முடியாத நிலைக்கு அக்னோசியா என்ற பெயரே அந்த நூலில் வந்ததுதான். 1895-இல் மனசை முழுக்க நரம்பணுக்களால் விளக்கப் பார்த்து, முடியாமல் பாதியில் விட்டார். அந்தக் கையெழுத்துப்படி அவர் இறந்த பிறகு 1950-இல்தான் அச்சானது. மறுபக்கம் லூரியா, இருபது வயசில் கசான் நகரத்தில் உளப்பகுப்பாய்வுச் சங்கம் நடத்தி ஃப்ராய்டுக்குக் கடிதம் எழுதியவர். அது 1922. அதே வருஷம் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கிருந்து ஃப்ராய்டின் 75-ஆவது பிறந்தநாளுக்குப் போன தந்த விஷ்ணு சிலையை அவர் மேஜையிலேயே வைத்திருந்தார். சோவியத்தில் காற்று மாறியதும் லூரியா அந்த வழியை விட்டு விலகினார். நீங்கள் எதிரெதிராக நிறுத்தும் இரண்டு துறைகளும் ஒரே வீட்டில் பிறந்து பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகள்.

அதற்காக ஃப்ராய்ட் சொன்னதெல்லாம் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெண்களின் மனசைப் பற்றி அவர் எழுதியதில் பெரும்பகுதி இன்று நிற்காது. எந்தச் சான்று வந்தாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும் வாதம் அது என்ற அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பரின் குற்றச்சாட்டுக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. ஆனால் தான் ஏன் இதைச் செய்கிறோம் என்று மனுஷனுக்கே பல நேரம் தெரியாது என்பதையும், ஒருவர் பேசுவதைக் குறுக்கிடாமல் நீண்ட நேரம் கேட்டால் அந்தக் காரணம் மெல்ல வெளியே வரும் என்பதையும் அவரிடமிருந்துதான் எங்கள் மனநலத் தொழில் கற்றது. எது உண்மையான அறிவியல் என்று கேட்டீர்கள். சான்றைச் சோதிக்கும் ஒழுங்கில் நியூரோசைக்காலஜி வெகுதூரம் முன்னால் இருக்கிறது. ஆனால் அந்த ஒழுங்கால் பதில் சொல்ல முடியாத கேள்விகளும் உங்கள் கிளினிக்குக்குள் தினமும் நடந்து வருகின்றன.

அந்தப் பெரியவர் வீட்டையே எடுங்கள். அப்பா நடிக்கிறார் என்று மகன் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் நாற்றங்காலுக்கு யார் இறங்குவது, கூட்டுறவுக் கடனுக்கு யார் கையெழுத்துப் போடுவது? அப்பா நடிக்கிறார் என்றால் நாளைக்கே எழுந்துவிடுவார் என்று அர்த்தம். மகனுக்கு அந்த நம்பிக்கை வேண்டியிருக்கிறது. கை விழுந்ததை மறுப்பது அந்த வீட்டில் அப்பா மட்டுமில்லை. இந்த இடத்தில் ஃப்ராய்டின் மகள் ஆன்னா ஃப்ராய்ட் 1936-இல் எழுதிய ‘தி ஈகோ அண்ட் தி மெக்கானிசம்ஸ் ஆஃப் டிஃபென்ஸ்’ கைகொடுக்கும். மனசு தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றிய நூல் அது; மறுத்தல் பற்றி அதில் தனி அத்தியாயங்களே உண்டு. சின்ன நூல்; பழைய புத்தகமாகச் சல்லிசாகக் கிடைத்தால், மிச்சக் காசில் அதை வாங்கலாம். படிக்கும்போது மகனை நினைத்துக்கொள்ளுங்கள், பெரியவரை அல்ல. மூளை அடிபட்டதால் தெரியாமல் இருப்பதையும், தெரிந்தும் தாங்க முடியாமல் தள்ளி வைப்பதையும் ஒன்றாக்கிவிடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய குழப்பம்.

அந்தக் கோடு எப்போதும் அவ்வளவு தெளிவாகவும் இருப்பதில்லை. கேரன் காப்லான்-சோம்ஸ், மார்க் சோம்ஸ் இருவரும் வலது மூளை அடிபட்ட நோயாளிகளோடு உளப்பகுப்பாய்வு முறையில் பேசிப் பார்த்து 2000-இல் ஒரு நூல் எழுதினார்கள். மேலுக்கு எதுவும் நடக்காத மாதிரி இருந்தவர்களுக்குள் இழப்பின் துக்கம் இருந்தது என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு இல்லை. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரனும் ‘ஃபேன்டம்ஸ் இன் தி பிரெயின்’ (1998) நூலில் இதே நோயாளிகளை வைத்து ஃப்ராய்ட் சொன்ன மனசின் தற்காப்புகளைத் திரும்பப் பார்க்கிறார். அதைப் பொழுதுபோக்காகவே படித்துவிடலாம். ஆனால் இரண்டையும் கலக்கும் நூல்களைப் பாடநூலுக்குப் பிறகு படியுங்கள். முதலிலேயே படித்தால் எது சான்று, எது ஆசிரியரின் ஊகம் என்று பிரிக்கத் தெரியாது.

ஃப்ராய்டிடமே போக வேண்டுமென்றால் ‘அறிமுக விரிவுரைகள்’ போதும். 1915 முதல் 1917 வரை வியன்னா பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய 28 சொற்பொழிவுகள். 1920-இல் வந்த பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். நடை கொஞ்சம் கரடுமுரடு. நாக்குத் தவறுவது பற்றிய முதல் நாலு விரிவுரையிலேயே இவர் உங்களுக்கு ஒத்துவருவாரா இல்லையா என்று தெரிந்துவிடும். அவர் எழுத்து மொத்தமும் அடங்கிய 24 தொகுதிகளுக்கு ஆசைப்படாதீர்கள். நம் குடும்பங்களுக்குள் அவர் எவ்வளவு பொருந்துவார் என்று பார்க்க, இந்திய உளப்பகுப்பாய்வாளர் சுதீர் கக்கரின் ‘தி இன்னர் வேர்ல்ட்’ (1978) இருக்கிறது.

இனி அந்தப் பெரியவரிடம். ‘பாருங்க, கை தூக்க முடியலையே’ என்று நிரூபிக்கப் போகாதீர்கள். பயனில்லை, சண்டைதான் மிஞ்சும். மறுப்பு பலருக்கு நாள்கள், வாரங்களில் தானே குறைந்துவிடும். அதுவரை ‘ரெண்டு கையும் சேர்த்து இதைப் பிடிப்போம்’ என்று வேலையைக் கொடுங்கள். இடப்பக்கத்தைப் பார்க்க வைக்கும் குறிகள் வையுங்கள். தன் கை நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர் எழுந்து நடக்கவும் செய்வார். கட்டிலிலிருந்து விழாமலும், அடுப்பருகே இடது கை சுடுபடாமலும் வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டால் தடுக்காதீர்கள். போய் வரட்டும், மாத்திரையும் பயிற்சியும் நிற்காமல் இருந்தால் சரி. முக்கியமாக, கை போனது அவருக்கு உறைக்கும் நாள் வரும்போது கவனியுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், வைராக்கியம் என்று விடாமல் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கவுன்சலிங் செய்யலாமா என்ற கேள்விக்கு: புத்தகம் படித்து மட்டும் கூடாது. நோயாளியிடமும் வீட்டாரிடமும் நடப்பதை விளக்கிச் சொல்வது உங்கள் வேலையின் பகுதி. அதைத் தாராளமாகச் செய்யுங்கள். நியூரோசைக்காலஜி சோதனை வைத்து அறிக்கை எழுதுவதும் உளச்சிகிச்சை செய்வதும் வேறு. மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற 1992-ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பு வேண்டும். அந்தப் படிப்புகளின் பெயரும் விதியும் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன. எங்காவது பணம் கட்டுமுன், அந்த நிறுவனமும் அந்தப் படிப்பும் அந்த வருஷத்து ஆர்.சி.ஐ. பட்டியலில் இருக்கின்றனவா என்று நீங்களே அவர்கள் தளத்தில் பாருங்கள். விளம்பரத்தில் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்று போட்டிருப்பதை நம்பிக் கட்டிவிடாதீர்கள்.